மூன்றாம் மாடியின் கோப்பைகள்

பெயர்கள் எனக்குப் பிற்பாடுதான் வந்தன.
முதலில் கோப்பைகள்.
டொராண்டோவுக்குச் சர்க்கரை கிடையாது.
லீட்ஸுக்கு மூன்று கரண்டி, அதைச்
சத்தமாகக் கேட்கக் கூடாது.
கெய்ரோ பல்கலைக்கழகத்துக்கு ஏலக்காய் நசுக்கிப் போட வேண்டும்,
முழுசாகக் கிடந்தால் கோப்பை திரும்பி வரும்.
பிலானி பாதி குடித்துவிட்டு மறந்துபோகும்.
பதினொன்றரைக்கு எடுக்கப் போனால்
ஆடை படர்ந்து, அதில் ஒரு ஈ.

குவைத் ஷர்க்கில், கடலைப் பார்த்த கட்டடம்.
கடல் அவர்கள் பக்கம். பேன்ட்ரிக்கு ஜன்னல் இல்லை.
நான் பார்த்த ஊரெல்லாம்
கழுவிக் கவிழ்த்த ஊர்கள்:
ஒரு பாலம், ஒரு மணிக்கூண்டு,
லத்தீனில் ஏதோ சொல்லும் ஒரு சிங்கம்.
ஸ்பாஞ்சின் பச்சைப் பக்கம் பட்டால்
சிங்கத்தின் தங்கம் உரிந்துவிடும்.
மஞ்சள் பக்கம்தான், அதுவும் மெல்ல.
டொராண்டோவின் பிடியில் ஒரு சின்ன உடைவு,
அது என் கைவேலை.
சேர்ந்த முதல் வாரம், குழாயில் இடித்துவிட்டது.
ரீமா மேடம் தடவிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.
மறுநாளிலிருந்து
கட்டைவிரலை அந்தப் பள்ளத்தில் வைத்துக் குடித்தார்.

எண்ணெய் விலை இறங்கிய வருஷம்
ஒரு ஞாயிறு காலை
ஏழு கோப்பைகளுக்கு ஆள் இல்லை.
விசா கேன்சல்.
மேசைப் படங்களை எடுத்துப்போனார்கள், சார்ஜரை எடுத்துப்போனார்கள்,
ஒருவர் கள்ளிச்செடியைக் கூட.
கோப்பை முந்நூற்றைம்பது கிராம்.
முப்பது கிலோவில் அதற்கு இடமில்லை.

லீட்ஸ், இல்லை, டென்சில் சார்
கடைசியாக பேன்ட்ரிக்கு வந்தார்.
நீ வைத்துக்கொள் சூசை என்றார்.
சார், நீங்கள் படித்த இடம் என்றேன்.
சிரித்தார்.
லீட்ஸ் எந்தத் திசையில் இருக்கிறதென்றே தெரியாதாம்.
வேலையில் சேர்வதற்கு முந்தின வெள்ளிக்கிழமை
சந்தையில் இருநூறு ஃபில்ஸுக்கு வாங்கியதாம்.
யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.
பன்னிரண்டு வருஷமாகக் கோப்பை சொல்லிக்கொண்டிருந்தது.

அப்படித்தான் நானும் வெள்ளிச் சந்தைக்குப் போனேன்.
தார்ப்பாய் விரித்து, அதன்மேல்
ஒற்றைக் கால் ஸ்கேட்டிங் சக்கரம், ஊன்றுகோல்,
யாரோ பெற்ற மாரத்தான் பதக்கம்,
பக்கத்தில் ஊர்கள், குவியலாக.
பேரம் பேசினால் ரெண்டு ஊர் முந்நூறு ஃபில்ஸ்.
இப்போது மஹ்பூலா அறையில்
என் கட்டிலுக்கடியில் பதினான்கு.
விடுமுறை நாளில் சுலைமானி போட்டால்
அப்துல் லத்தீப் மெல்பர்னைத் தவிர எதையும் தொடமாட்டான்.
பிச்சமுத்துக்கு எடின்பரோதான் வேண்டும்,
அதில்தான் நிறைய பிடிக்கும் என்பதால்.
கெய்ரோவில் ஒருவன் பிரஷ் வைத்திருந்தான்,
சண்டை போட்டுப் பிடுங்கினேன்.

போன வாரம் புழுதிக்காற்று.
முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு போனேன்.
குவியலின் அடியில் நீல நிறம்.
எடுத்தேன், பார்க்கவில்லை,
விரல் தானாகப் போய்ப் பிடியில் உட்கார்ந்தது.
பள்ளம் அங்கேயே இருந்தது.

நாற்காலியோடும் ஃபைலோடும் பெட்டியில் கட்டி
எத்தனை கை மாறி வந்ததோ.
மேடம் இப்போது எந்த நாட்டில்
எதன் மேல் கட்டைவிரலை வைக்கிறாரோ.
தார்ப்பாய்க்காரர் எகிப்துக்காரர், வயசானவர்,
நான் வைக்காமல் நிற்பதைப் பார்த்துக் கேட்டார்:
அங்கே படித்தவனா நீ?
ஆறு வருஷம் என்றேன்.
அவர் என் செருப்பைப் பார்த்தார்.
பிறகு ஒரு செய்தித்தாளில் பத்திரமாகச் சுற்றிக் கொடுத்தார்.
விலையைக் குறைக்கவில்லை.

ராத்திரி அதில் டீ ஊற்றி
சர்க்கரை இல்லாமல் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன்.
இதையா ஆறு வருஷம் குடித்தார் அந்தம்மா.
எழுந்துபோய்
ரெண்டு கரண்டி போட்டுக்கொண்டேன்.