கதவுக்கு வெளியே எட்டடி

பஸ்ஸுக்குள்ளே வீடு முடிந்துவிட்டது.
கட்டில், காஸ் அடுப்பு, தண்ணீர்த் தாங்கி,
ஜன்னலுக்கு மேலே கழற்ற மனம் வராத
இரண்டு இருக்கை இலக்கங்கள்:
பதினேழு, பதினெட்டு.
மட்டக்களப்பு றூட்டில் முப்பத்தொரு வருஷம் ஓடியதை
கிண்ணியா ஜவ்பர் நானாதான் வெட்டி ஒட்டித் தந்தார்.
"உள்ளுக்குப் படுக்கலாம் தம்பி,
இருக்கிறதெண்டால் வெளியிலதான்."

சல்லிக் கரையில்
இரண்டு நாள் ஒன்றும் செய்யாமல் பார்த்தோம்.
எந்த நேரம் எங்கே நிழல் என்று
நிறஞ்சலா கொப்பியில் குறித்தாள்.
காலையில் வெயில் கடலிலிருந்து நேரே படியேறி
கட்டில் வரை வரும், செருப்பும் கழற்றாது.
மூன்று மணிக்குக் கச்சான் எழும்பும்,
நிலாவெளி றோட்டுக்கு அங்காலே
அறுத்த வயலின் சூட்டையெல்லாம் அள்ளிவந்து கொட்டும்.
ஆகவே பஸ்ஸின் மூக்கைப் பட்டினப் பக்கம் திருப்பினோம்.
முதுகு கச்சானுக்கு, கதவு கடலுக்கு.
ஊரை ஏற்றி இறக்கியது
இப்போது ஒரு சுவர்.

கூரைக்குத் தறப்பாள் வாங்கப் போன இடத்தில்தான்
எங்களுக்குள் கொஞ்சம் கொழுவல்.
வெள்ளை மலிவு. நீலம் அதைவிட மலிவு.
இரண்டையும் அவள் தொடவில்லை.
பச்சைக் கோடு போட்ட தடித்த கன்வஸ்,
மூன்று மடங்கு விலை.
திரும்பும் வழி முழுக்க நான் கணக்குப் பார்த்தேன்,
வாய்விட்டு.

மணலில் முளை நிற்காது.
நான் அடிக்க அடிக்க
பல் விழுந்த சீப்புப் போலச் சரிந்தது.
அவள் சுத்தியலை வாங்கி ஓரமாக வைத்தாள்.
நாலு உரப்பையில் மணல் நிரப்பி,
கயிற்றை நடுவில் கட்டி,
முழங்கால் ஆழத்தில் புதைத்து மிதித்தாள்.
பிறகு முடிச்சு.
விரல்களைப் பார்க்கவே இல்லை, கடலைப் பார்த்தபடி
ஒரு சுற்று, ஒரு மடிப்பு,
நுனி மட்டும் வெளியே.

"எங்க பழகினது?"

"கிளிவெட்டியில. பதினொரு மாசம்.
ஒரு தறப்பாளுக்குக் கீழ ஒன்பது பேர்.
நுனியை இழுத்தா அவிழ வேணும்.
அவிழ்க்க நேரம் தரமாட்டினம்."

குறடு எங்கே என்று கேட்டாள்.
கொடுத்தேன்.
கன்வஸ் விலையைப் பற்றி
அதற்குப் பிறகு நான் பேசவில்லை.

பன்பாய் விரித்தோம். கதவடியில்
கால் கழுவப் பச்சைப் பேசின்.
நுளம்புக்கு வேப்பிலைப் புகை,
மேசைக்குப் பழைய பற்றறிப் பெட்டி.
கதிரை இரண்டு போதுமென்றேன்,
நாலு வாங்கியிருந்தாள்.
"ஆருக்கு?"
"வாற ஆக்களுக்கு."

முதலில் வந்தது ஒரு மாடு.
சிவப்பு, ஒற்றைக் கொம்பு,
கரை தனக்கு எழுதித் தந்தது போல நடை.
நிழலுக்குள் வந்து, பாயை மணந்து,
பாதிப் பாயில் படுத்தது.
நாங்கள் தேத்தண்ணியோடு மற்றப் பாதிக்கு ஒதுங்கினோம்.
தொங்கிய கயிற்று நுனியை
அது யோசித்து யோசித்துச் சப்பத் தொடங்கியபோது
நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்,
விளங்கவில்லை.

ஒரு இழுவை.
அவ்வளவுதான், பச்சைக் கோடெல்லாம் எங்கள் தலையில்.
இருட்டுக்குள் மாடு, கோப்பை, மணல்,
அவளுடைய முழங்கை.
ஒரு கணம் அவள் மூச்சு நின்றது,
பக்கத்தில் இருந்ததால் கேட்டது.
பிறகு சிரித்தாள்.
கன்வஸ் முழுக்கக் குலுங்கச் சிரித்தாள்,
மாடு பயந்து எழும்பி
எங்கள் வீட்டின் கூரையை இழுத்துக்கொண்டு
கடலை நோக்கி ஓடியது.

பிடித்து வந்து திரும்பக் கட்டினோம்.
இந்த முறை நுனியை உள்ளே சொருகி
மேலே இன்னொரு முடிச்சு, அதற்கு மேலே இன்னொன்று.
"இப்பிடிக் கட்டினா அவிழ்க்க ஏலாது," என்றேன்.
"வெட்டுவம். அவசரம் இல்லைத்தானே."

கோப்பையில் மிச்சமிருந்த தேத்தண்ணியில்
பாதி மணல்.
அடி மண்ட விட்டு
மேலாகக் குடித்தோம்.