பத்தாவது பிரதி

தலவாக்கலை பஸ் நிலையத்துக்கு எதிரே
பதினெட்டு வருசமாய்ப் போட்டோ கொப்பிக் கடை.
எழுத்தை நான் பார்த்ததெல்லாம்
கறுப்பு போதுமா என்றுதான்.

ஐப்பசி மழையில் ஒருநாள் தாள் சிக்கியது.
ஏ.எல். படிக்கும் துவாரகாவின் நோட்ஸ்.
கசங்கி, சூடாய் இழுத்தெடுத்தபோது
கரண்டும் போயிற்று.
வேறு வேலையில்லாமல் வாசித்தேன்.

நாலு வரிப் பாட்டு. கீழே பதினைந்து வரி உரை.
மூன்றாம் தரம்
உரையைக் கையால் மறைத்துக்கொண்டேன்.

தினைப்புனம் நான் கண்டதில்லை.
மலையில் இருட்டும் விதம் தெரியும்:
முதலில் பள்ளம், பிறகு லயம், கடைசியாய் உச்சி.
அதை அப்படியே ஒருத்தி சொல்லியிருக்கிறாள்,
வரமாட்டான் என்று தெரிந்தவனுக்குக்
காத்திருக்கும் குரலில்.

ஐம்பத்தேழு வயதில்
கல்லாவுக்குக் கீழே ஒரு ஃபைல் வைத்திருக்கிறேன்.
ஒன்பது கேட்டால் பத்து அடிப்பேன்.
களவுதான்.

"அகப்பாட்டில யாருக்கும் பேர் வைக்கக்கூடாது அன்ட்டி,
தலைவி, தோழி, அவ்வளவுதான்" என்றாள் துவாரகா.
கொழுந்து குறைந்த நாட்களில்
அம்மாவுக்குச் செக்ரோலில் விழுந்த அரைப்பேர்
ஞாபகம் வந்தது.
இவளுக்கு அரைப்பேர்கூட இல்லை,
ஆனாலும் ஒரு கிராம் குறையவில்லை.

இரவில் என்ன முணுமுணுப்பு என்று
மரியநாயகம் கேட்கிறார்.
ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியாமல் நிற்கிறேன்.
நாளைக்குப் போயா. டியூஷன் இல்லை,
பிள்ளைகள் வரமாட்டார்கள்.
நாளை மறுநாள் வரை
அந்தச் சொல் என்னிடமே இருக்கட்டும்.