இப்பத்திக்கு

எட்டு நாளைக்கொருக்கா தண்ணி.
ராத்திரி ரெண்டே காலுக்கு வால்வு குழிக்குள் சாவியை இறக்கி
நாற்பத்தொரு சுற்று.
வேகமாய்த் திறந்தால் எங்காவது ஒரு ஜாயிண்ட் விட்டுப்போகும்.
முதலில் வருவது காற்றுதான்.
வீதி முழுக்கக் குழாய்கள் இருமும்.
பிறகு செம்மண் கலரில் ஒரு குடம்,
அதை யாரும் பிடிக்க மாட்டார்கள்.

இந்த வார்டில் என் பெயர் யாருக்கும் தெரியாது.
"தண்ணிக்காரரே, இன்னிக்கு உண்டுங்களா?"
சாக்கடை அடைத்தால் மட்டும்
"ஏனுங், கார்ப்பரேசனுங்களா?"
இரண்டுக்கும் நான் ஒரே ஆள்தான்.

போன வாரம் மூணாவது குறுக்கு வீதியில்
பூங்கோதை ஒரு பாட்டிலை நீட்டினாள்.
"புள்ளைக்கு மூணு நாளா வயித்தால போகுதுங்.
மோந்து பாருங்."
மோந்தேன்.
பத்தொன்பது வருசமாய் மேன்ஹோலுக்குள் குனிந்த மூக்கு.
எனக்கு ஒன்றும் நாறவில்லை.
ஏ.இ. மேடம் மோந்தார்.
"தோண்டுங்க" என்றார்.

எங்கே தோண்ட?
குழாயில் கம்பியை ஊன்றி
மறுமுனையில் காதை வைத்தால் கசிவு பேசும்.
ஆனால் இது திருப்பூர்.
பவர் டேபிள் ஓடும், நிட்டிங் மிசின் ஓடும்,
ஓடாத நேரம் ஜெனரேட்டர் ஓடும்.
நைட் ஷிப்ட் டீக்கு விடுகிற பத்து நிமிசம்தான் நமக்கு.
அந்தப் பத்து நிமிசத்தில்
யாரோ பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சுகிற மாதிரி
ஸ்ஸ்...

நானும் ஆறுச்சாமியும் வெள்ளியங்கிரியும் தோண்டினோம்.
தார், அதன் கீழே பழைய தார்,
செத்துப்போன ஒரு டெலிபோன் கேபிள், ஓடக்கல்.
பிறகு சாயம் ஊறிய மண்.
ஒரு சாணுக்கு நீலம், அதன் கீழ் விரக்கடை சிவப்பு.
எந்த வருசம் எந்த நாட்டுக்காரன் என்ன கலர் கேட்டான் என்று
மண்ணைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

சாக்கடைக்குள் முங்கிக் கிடந்தது குடிதண்ணிக் குழாய்.
தண்ணி ஓடுகிற நாலு மணி நேரம் வெளியே கசியும்.
நின்ற பிறகு ஏழு நாளும்
அக்கம்பக்கத்தில் இருப்பதை உள்ளே இழுக்கும்.
குழாய்க்கும் தாகம் எடுக்குமல்லவா.

ஓட்டையின் மேல் ஒரு கட்டு.
சைக்கிள் டியூப், அதன்மேல் பனியன் வேஸ்ட்,
அதன்மேல் நைலான் கயிறு.
டியூப் இற்றுவிட்டது, துணி கூழாகிவிட்டது,
முடிச்சு மட்டும் அப்படியே.

இடதுகைக்காரன் போட்ட முடிச்சு.

பதினோரு வருசம் முன்னால்
தீபாவளிக்கு முந்தின நாள்.
ஸ்டோரில் காலர் இல்லை.
"இப்பத்திக்கு இருக்கட்டும்,
நோம்பி கழிஞ்சு வந்து மாத்திக்கலாம்" என்று
நான்தான் சொன்னேன்.
ஒரு வீட்டில் முறுக்குக் கொடுத்தார்கள்.
எள்ளு போட்ட முறுக்கு.
வலதுகையால் தின்றது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது.

"எந்தக் கழுதைடா கட்டுனது?" என்றான் வெள்ளியங்கிரி,
வேலைக்கு வந்து ரெண்டு வருசம்.
ஆறுச்சாமி குழிக்கு வெளியே எதையோ பார்த்தான்.
அன்றைக்கு டார்ச் பிடித்தது அவன்.

கத்தியை வாங்கி நானே அறுத்தேன்.
முடிச்சைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்,
ஏனென்று தெரியவில்லை.
புதுக் காலர், நாலு போல்ட்டு,
ஒரு பக்கெட் குளோரின்.
காரணம் என்ன எழுதலாம் என்று மேடம் கேட்டார்.
"பழைய லைனுங் மேடம்."
எழுதிக்கொண்டார்.

பூங்கோதை மூணு டம்ளரில் டீ கொண்டுவந்தாள்.
அவள் பின்னால் அந்தப் பெண்,
கண் மட்டும் பெரிசாக,
குழிக்குள் எட்டிப் பார்த்தது.
"கேன் தண்ணில போட்டதுங், பயப்படாமக் குடிங்."

குடித்தேன்.

இன்றைக்கு எட்டாம் நாள்.
இருபத்திரண்டு, இருபத்திமூன்று.
பாலத்தடியில் ஒன்று கட்டினேன்.
ரேசன் கடை முக்கில் ஒன்று, மழை நாள் அது.
இருபத்தி...
நொய்யல் கரையில், பள்ளிக்கூடத்துக்குப் போகிற லைனில்,
அது நானா ஆறுச்சாமியா?

சுற்று தப்பிவிட்டது.
பாதி திறந்த வால்வின் மேல் கை இருக்கிறது.
வீதியில் குழாய்கள் இரும ஆரம்பித்துவிட்டன.