கறுப்பு வட்டு மறையும் தூரம்

மாதத்தின் இரண்டாம் செவ்வாய் போயாக வேண்டும்,
அடைமழை என்றாலும்.
நாள் பார்த்துப் போனால்
ஓடை நல்ல முகம் மட்டும் காட்டுமாம்.
கவுன்சிலில் எவரோ எழுதிவைத்த விதி,
எனக்குப் பிடித்த ஒரே விதி.

ரோய்மாட்டா கம்பை ஊன்றுகிறாள்,
நுனியில் சாஸர் அளவு கறுப்பு வட்டு.
கண்ணாடிக் குழாயைத் தண்ணீரில் அமிழ்த்தி
அதையே பார்த்தபடி
ஓட்டத்தோடு பின்னால் நடக்கிறேன்.
ஜூன் மாதம்.
இடுப்புக்குக் கீழே கால்கள் இருப்பதாக
நம்பித்தான் நடக்கிறேன்.
வட்டு மங்கிக் கரைந்து
இல்லாமல் போகும் இடத்தில் நின்று
கத்த வேண்டும்.
அந்தத் தூரத்துக்குப் பெயர் தெளிவு.

நவம்பரில் மூன்று மீட்டர் இருபது.
இன்று எண்பது சென்டிமீட்டர்.
பென்சிலால் எழுதுகிறாள்;
மழையில் பேனா அழும்.

ஒரு கல்லைப் புரட்டினேன்.
மூன்று வால் குஞ்சுப்பூச்சிகள் ஓடிய இடத்தில்
நத்தைகள், வழுக்கும் பாசி.
புட்டி நிரப்பும்போது
மூடியின் உட்புறத்தில் விரல் படக்கூடாது,
என் விரலும் கணக்கில் வந்துவிடும்.

பாலத்தின் மேல் அர்னெல்,
கில்ராய் பண்ணையில் பால் கறப்பவன்,
மனைவியும் இரண்டு பெண்களும் இலோயிலோவில்.
"எங்களைப் பத்தி எழுதறீங்களா?"
"ஓடையைப் பத்தி."
"ரெண்டும் ஒண்ணுதானே" என்று
வண்டியைக் கிளப்பினான்.

ஆய்வக எண்ணை
வைமூரி சமூகக்கூடத்தில் நான்தான் வாசித்தேன்.
ஐந்நூற்று நாற்பதைத் தாண்டினால்
பிள்ளைகளை இறக்கக்கூடாது.
வந்தது நாலாயிரத்து நூறு.
தலைகள் எல்லாம் கடைசி வரிசைக்குத் திரும்பின.
டெஸ் கில்ராய், எழுநூறு மாடு,
முழங்காலில் தொப்பி.
ஊர் வாய்க்கு எங்கே மூடி?
பெவர்லி ஸ்டாக்கர் எழுந்து
வாழ்நாளில் சேர்த்து வைத்ததை எல்லாம் சொன்னார்.
அவர் தொப்பியைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்,
உள்ளே ஏதோ எழுதியிருப்பதுபோல.
பிறகு பேரீச்சம்பழ ஸ்கோன்,
மூன்று முறை நிரப்பிய தேநீர் அண்டா,
பின்பக்கக் கழிப்பறைக்கு நீண்ட வரிசை.
நானும் இரண்டு முறை நின்றேன்.

யாருடையது என்று சொல்லும் சோதனை ஒன்று உண்டு,
விலை அதிகம், பதினாறு நாள் ஆகும்.
மாடு: கொஞ்சம்.
வாத்து: கொஞ்சம்.
மனிதர்: நிறைய.

ஞாயிறு காலை, ஆளில்லாத கூடம்.
ரோய்மாட்டா கழிப்பறையில் சாயத்தைக் கொட்டி
இழுத்துவிட்டாள்.
நான் கீழே கரையில்,
பள்ளிப் பிள்ளைகள் நட்ட ஆளிச்செடிகளுக்கு நடுவே,
கையில் கடிகாரம்.
முதலில் ஒன்றும் இல்லை.
நாற்பத்தோராவது நிமிடம்
வேர்களுக்கு அடியிலிருந்து கசிந்தது பச்சை,
எந்த இலையிலும் இல்லாத பச்சை,
கூசாமல் வந்து
ஓட்டத்தில் சேர்ந்துகொண்டது.
"வந்துட்டோம்" என்றேன்.
அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.
எனக்கும்தான், கொஞ்ச நேரம்.

அடுத்த கூட்டத்தில் ஸ்கோன் மிஞ்சியது.
வெளியே வாடகைக் கழிப்பறை, நீல நிறம்.
பெவர்லி முன்வரிசையில் உட்காரவில்லை.
சேறு யாருடையது என்று ஒருவரும் கேட்காததால்
நான் சொல்ல வேண்டியதாயிற்று:
அது டர்னிப் வயலிலிருந்து, மிஸ்டர் கில்ராய்,
அது உங்களுடையதுதான்.
தெரியும் என்றார்.
வேலியை ஐந்து மீட்டர் பின்னால் நகர்த்த
ஒப்புக்கொண்டார், எட்டுக்கு இல்லை.
தொட்டியைத் தோண்ட
அவருடைய இயந்திரத்தை அனுப்புவதாகவும் சொன்னார்,
டீசல் கூடத்தின் செலவு.

செப்டம்பர், இரண்டாம் செவ்வாய்.
எதிர்க்காற்று, ஆலங்கட்டி.
பின்னால் நடக்கிறேன்,
வட்டு இருக்கிறது,
இருக்கிறது,
இருக்கிறதா என்று சந்தேகம்.
"எவ்வளவு?" என்கிறாள் ரோய்மாட்டா.
இரு, என்கிறேன்.
கண்ணில் தண்ணீர்.
திரும்ப முன்னால் வந்து
இன்னொரு முறை பார்க்கிறேன்.