மூன்றாம் பரிசு

நாளுக்குப் பத்தாயிரம் அடி நடக்கணுமாம்.
சேதராப்பட்டு கம்பெனி வாசலில் பேனர் கட்டி
ஆளுக்கொரு செயலியை போனில் இறக்கிக்கொண்டு வந்தான் ஒரு பையன்.
என்னிடம் வந்ததும் காலைப் பார்த்தான்,
பிறகு கக்கத்துக்கட்டையை,
பிறகு சுவரை.
"உங்களுக்கும் போடட்டுமாக்கா?"
போடு என்றேன்.

மேடையில் பேசிய டாக்டரம்மா நல்லவர்.
தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொன்னார்.
கழிவறைக்கு நாலு படி. கைப்பிடி இல்லை.
போய்வரப் பதினொரு நிமிஷம்,
சூப்பர்வைசர் நோட்டில் அது மூன்று காலர் குறைவு.
காலையில் நான் குடிப்பது அரை டம்ளர்,
நாக்கு நனைய.

விடிகாலையில் கடற்கரைச் சாலையில்
காலாற நடந்தால் சர்க்கரை இறங்கும் என்றார்.
"ரேஷன் கடையிலயே இன்னும் சர்க்கரை இறங்கலடி"
என்று காதைக் கடித்தாள் அமலோற்பவம்.
வாயைப் பொத்திக்கொண்டோம்.
இஸ்திரி மேசையில் ஒன்பது மணி நேரம் நிற்பவள் அவள்.
கெண்டைக்காலில் நரம்பு
நீலமாய்ச் சுருண்டு கிடக்கும்.
நின்றதை எந்த போனும் எண்ணவில்லை.

போட்டிக்காக அந்த ஒரு மாதம்
போனை உள்ளே விட்டார்கள்.
மெஷின் தடதடக்க, பலகையில் கிடந்த போன்
அடி அடியாய் எண்ணியது.
ஊசி நடந்தது.
பத்துக்கண்ணு ரோட்டுப் பள்ளங்களில்
கம்பெனி பஸ் குதிக்கக் குதிக்க
நானும் நடந்தேன், உட்கார்ந்தபடி.
ஒருநாள் பதினாறாயிரத்துச் சொச்சம்.
நாலு வயசில் அந்தக் காய்ச்சல் வந்த பிறகு
அவ்வளவு தூரம் நான் போனதே இல்லை.

"தையல் பிரிவு, பச்சைவாழி!"
கை தட்டினார்கள்.
மேடைக்குப் படி ஐந்து.
பரிசைக் கீழே கொண்டுவந்தார் டாக்டரம்மா.
சுருட்டிக் கட்டிய ஊதா நிற யோகா பாய்.
ஏதோ சொல்ல வாயெடுத்தவர்
என்னைப் பார்த்தார், பாயைப் பார்த்தார்,
தோளைத் தட்டிவிட்டு ஏறிப் போனார்.

அன்றிரவே கத்தரி எடுத்தேன்.
நல்ல கனம். பஞ்சு போல அமுங்குகிறது.
கட்டையின் தலைக்கு இரண்டு பட்டை,
சுற்றி இரட்டைத் தையல்.
கிழிந்த துண்டு சுற்றிச் சுற்றிப் புண்ணான கக்கம்
இரண்டு வாரத்தில் ஆறிவிட்டது.

மிச்சத்தை அமலோற்பவத்திடம் கொடுத்தேன்.
இஸ்திரி மேசைக்குக் கீழே விரித்து
செருப்பைக் கழற்றி ஏறி நின்றாள்.
காலுக்கடியில் என்ன அது என்றார் சூப்பர்வைசர்.

"யோகா சார்."