3ஏ

இந்தக் கட்டடத்து லிஃப்டில் நான்கு கிடையாது.
மூன்றுக்கு மேல் 3ஏ, அதற்கு மேல் ஐந்து.
சீனத்தில் நான்கின் ஓசை சாவின் ஓசையாம்.
பாயான் லெப்பாஸில் எட்டு வருஷமாக
நான் 3ஏ-வில் வேலை பார்க்கிறேன்;
தரையிலிருந்து எண்ணினால்
அது நான்காம் மாடிதான்.

என் வேலை, யாராவது கேட்டால்,
தட்டுகிறவர்களின் கணக்கு.
டிஸ்க், நெட்வொர்க் அட்டை, கேமரா,
எல்லாம் பிராசஸரின் தோளைத் தட்டும்:
வந்திருக்கிறது, எடுத்துக்கொள்.
எந்தத் தட்டல் யாருடையது என்று
கெர்னலுக்குள் நின்று பிரித்துச் சொல்லும்
நூற்றெண்பது வரி.
அந்த வரிகளுக்குத் தூங்க அனுமதியில்லை.
அங்கே ஒருவர் கண்ணயர்ந்தால்
மொத்த மெஷினும் உறைந்துபோகும்.
(எனக்குச் சொக்குகிறது. மணி நாலேகால்.)

தட்டுவதில் இரண்டு ரகம்.
ஒரு தரம் தட்டிவிட்டுப் போய்விடும் ஒன்று,
கவனிக்காவிட்டால் போச்சு.
மற்றது கையைத் தூக்கியபடியே நிற்கும்,
பார்த்தேன் என்று சொல்லும்வரை
இறக்காது.
பழைய பஸ்ஸின் நான்கு கம்பிகளும் இரண்டாம் ரகம்:
ஏ, பி, சி, டி.

புது போர்டில் செருகிடம் நான்கு.
நான்காவதில் எந்த அட்டையும் வாய் திறக்கவில்லை.
அட்டையை மாற்றினோம். போர்டை மாற்றினோம்.
ரொஸ்னானி பவர் சப்ளையைச் சந்தேகித்தாள்.
சூன் ஹெங் அதன்மேல் மஞ்சள் டேப் ஒட்டி
மார்க்கரால் 3ஏ என்று எழுதினான்.
எல்லாரையும்விட நான்தான் அதிகம் சிரித்தேன்.
அவன் சிங்கப்பூருக்குப் போய் ஏழு மாதம்,
டேப் இருக்கிறது.

நான்கும் வேண்டும் என்கிறார் வாடிக்கையாளர்,
திங்கட்கிழமைக்குள்.

கையேட்டை முதல் தடவையாக
அடிக்குறிப்போடு படித்தேன்.
ஒன்று என்றால் ஏ. நான்கு என்றால் டி.
பூஜ்யம் என்றால்
தட்டுவதற்குக் கையே இல்லை என்று பொருள்.
நம் கோடு பூஜ்யத்தில் எண்ணத் தொடங்குகிறது,
எல்லாக் கோடும் போல.
நான்கு அறை கட்டியிருக்கிறது:
பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று.
ஏ-யும் பி-யும் சி-யும் தத்தம் எண்ணில் குடியேறிவிட்டன.
பூஜ்யம் பூட்டிக் கிடக்கிறது.
டி தன் எண்ணைச் சொல்லிக்கொண்டு வந்தபோது
அப்படியொரு கதவு இல்லை.
பூட் லாக்கில் அதைப் பற்றி ஒரு வரி
ஒவ்வொரு நாளும் வந்திருக்கிறது.
ஒவ்வொரு நாளும் தாண்டிப் போயிருக்கிறேன்.

யார் எழுதியது?
வரிக்கு வரி பெயர் காட்டும் கட்டளையை அடித்தேன்.
தவமலர் க.
ஆறு வருஷத்துக்கு முன், மார்ச்,
ஒரு வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து ஐம்பத்தெட்டு.
அப்போதைய போர்டில் மூன்றே செருகிடம்.
பிழை உட்கார்ந்து காத்திருந்தது,
என்னைவிடப் பொறுமையாக.

ஒன்றைக் கழிப்பதுதான் அழகு.
ஆனால் அதற்கு நாலு இடம் தொடவேண்டும்,
கைகள் இப்போது என் பேச்சைக் கேட்பதாக இல்லை.
நான்கை அழித்து ஐந்து என்று போட்டேன்.
ஓர் அறை காலியாகக் கிடந்தால் கிடக்கட்டும்.
லிஃப்ட் போட்டவன் எப்போதோ செய்த திருத்தம்.

டேப்பை உரித்தேன், பசை விரலில் ஒட்டியது.
அட்டையைச் செருகினேன்.
எண்ணிக்கைப் பட்டியலில் ஒரு புது வரி:
0
0
0
கேபிளைச் செருக மறந்திருக்கிறேன்.
செருகினேன்.
1
41
2,206
பிறகு படிக்க முடியாத வேகத்தில்.

‘காரணம்: நான்’ என்று குறிப்பெழுதி
அழித்துவிட்டு,
‘எண்ணிக்கைப் பிழை திருத்தம்’ என்று எழுதி
அதையும் அழித்துவிட்டு,
முதலில் எழுதியதையே அனுப்பினேன்.
சூன் ஹெங்குக்கு ஒரு படம்:
டேப் இல்லாத செருகிடம்.

கார் ஒர்க்‌ஷாப்பில்.
லிஃப்ட் மூன்றைத் தாண்டும்போது
வாசலில் கம்பெனி பஸ்
ஒரே ஒரு ஹார்ன் அடித்தது.
முதல் ரகம்.
நான் கீழே வருவதற்குள்
சுங்கை நிபோங் பக்கம் திரும்பிவிட்டது.