ஆறாம் நம்பர்

"வயரு கிடக்கட்டும்,
கண்ணை மட்டும் மாத்திக் குடு" என்றார் துளசிராம்.
முனிச்சாலையில் அவருடைய சுங்குடிக் குடோன்.
பதினோரு வருசத்துக்கு முன் நான் ஓட்டிய கோஆக்ஸ்,
எட்டுக் கேமரா.
எட்டும் இனி ஐந்து மெகாபிக்சல்.
சுவரை உடைக்க வேண்டாம்,
சேலைக் கட்டுகளை நகர்த்த வேண்டாம், செலவும் பாதி.
சரி என்றேன். எனக்கும் அதுதான் வசதி.

ஏழு படம் கண்ணாடி.
விலைச்சீட்டில் பென்சிலால் கிறுக்கியதைக்கூட வாசிக்கலாம்.
ஆறில் மட்டும்
சாய்ந்த கோடுகள் கீழிருந்து மேலே ஏறின.
சாயத்தொட்டி மோட்டார் ஓடினால் கோடு தடிக்கும்,
அடுக்கி வைத்த சேலையெல்லாம்
ஓடுகிற தண்ணீரில் அலசுவது போல் நெளியும்.

"பழசுல இந்தக் கோடு உண்டா?"
இல்லைதான்.
பழைய கேமராவுக்கு வாசலில் நிற்பது
ஆளா மாடா என்பதே சந்தேகம்.
அந்த மங்கலுக்குள் எத்தனையோ ஒதுங்கிக் கிடந்தன.

செந்தட்டிக்காளை ஏணியைப் பிடித்தான்.
கேமராவைக் கழற்றி வந்து, டிவிஆர் பக்கத்திலேயே
ஒரு முழ வயரில் மாட்டினேன்: பளிச்.
திரும்ப மேலே மாட்டி, கரண்டை விட்டு பேட்டரியில் ஓட்டினேன்: கோடு.
ஆறையும் மூன்றையும் மாற்றிச் செருகினேன்:
கோடு மூன்றாம் கட்டத்துக்குக் குடிபோனது.
புது வயர் ஒன்றைத் தரையோடு இழுத்தேன்,
முடிச்சு பிரிக்கிற பெண்கள் திட்டிக்கொண்டே தாண்டிப் போக.
கோடு போயே போச்சு.

ஆக, மேலே எங்கேயோ.

ஃபால்ஸ் சீலிங்குக்குள் தலையை விட்டேன்.
புறா எச்சம். ஒற்றைச் செருப்பு.
மோட்டார் வயரை ஒட்டி உரசிக்கொண்டு
என் கருப்பு வயர்.
டார்ச் வெளிச்சம் போய் நின்றது
ஒரு பச்சை டேப்பில்.

கருப்பு டேப் தீர்ந்துபோன சாயங்காலம் அது.
எதிர்சேவை. கூட்டம் கூடுமுன்
தல்லாகுளம் போய்ச் சேர வேண்டும்.
வயர் நான்கடி பற்றவில்லை.
துண்டு வயரை எடுத்து
நடுக்கம்பியோடு நடுக்கம்பியை முறுக்கி,
மேல்வலையில் நாலு இழை மட்டும் தொட்டுக்கொள்ள விட்டு,
கைக்குக் கிடைத்த பச்சையைச் சுற்றினேன்.
"தெரியவா போகுது?"
யாரிடம் கேட்டேன் என்று நினைவில்லை.

வெட்டினேன்.
முனைகளைச் சீவி பி.என்.சி. அழுத்திச் சேர்த்தேன்,
மோட்டார் வயரை விட்டு ஒரு முழம் தள்ளிக் கட்டினேன்.
பழைய முடிச்சு சட்டைப்பைக்குள் போனது.
செந்தட்டி பார்த்தான். கேட்கவில்லை.

கீழே துளசிராம் சாயம் ஏறாத சேலையொன்றை
நகத்தால் நெருடியபடி போனில் சொல்லிக்கொண்டிருந்தார்:
"இது தேவசேனா கட்டுனதில்ல.
முடிச்சத் தொட்டா கை தெரியாதா எனக்கு?"

மோட்டாரைப் போடச் சொன்னேன்.
ஆறாம் கட்டத்தில் ஒரு கோடில்லை.
அரக்குச் சேலையைப் புள்ளி புள்ளியாக எண்ணலாம்.
"எப்ப சரியாச்சு?" என்று
பின்னால் ஓட்டிப் பார்த்தார்.
கோடு, கோடு,
வெட்டிய நேரத்து இருட்டு,
பிறகு முதல் தெளிந்த படம்:
ஏணியில் நான், தலை கூரைக்குள்,
ஒரு கை மட்டும் இறங்கி வந்து
பையில் பச்சையாய் எதையோ செருகுகிறது.

நிறுத்தினார். பெரிதாக்கினார்.
டேப்பின் ஓரம் பிரிந்திருந்ததுகூடத் தெரிந்தது.

பில் புத்தகத்தில்
'ஜாயிண்ட் வேலை, அறுநூறு' என்று எழுதியிருந்தேன்.
கார்பன் நகலிலும் பதிகிற மாதிரி
அழுத்தி அடித்தேன்.

"டீ வருது, உக்காரு" என்றார்.
டீ வந்தது. பாதி குடித்த பிறகுதான் கேட்டார்,
"மத்த ஏழுலயும் பச்சை இருக்கா?"

"ரெண்டாம் நம்பர்ல ஒண்ணு."

வாசலில் செந்தட்டி
ஏணியை மடக்கிக்கொண்டிருந்தான்.
வேண்டாம் என்று கையசைத்தேன்.